கொண்டையில் ஒரு பிடி அரிசி

எங்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருந்த மளிகைக் கடை நாள்காட்டியில் ஜூலை மாதத்துக்கு ஒரு கடல் படம் போட்டிருந்தார்கள். கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு சின்னத் தீவு. தீவுக்கும் கரைக்கும் நடுவே பச்சையாக ஓடும் தண்ணீர். கீழே நீரிணை என்று அச்சடித்திருந்தது. எங்கள் தோட்டத்து ஜனங்கள் அதற்குச் சின்னக் கடல் என்று பேர் வைத்திருந்தார்கள். "எவ்ளோ அழகா இருக்கு பாருங்க அத்தை, நாம ஒருநாள் போலாம்லா" என்றாள் மருமகள். ஜூன் முடிந்த அன்று நான் இரண்டு தாளையும் சேர்த்துக் கிழித்துவிட்டேன். அந்த ஆண்டு எங்கள் வீட்டில் ஜூனுக்குப் பிறகு ஆகஸ்டுதான் வந்தது. கிழவிக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று மருமகள் நினைத்திருப்பாள்.

கிறுக்கெல்லாம் இல்லை. என் பத்தொன்பதாவது வயதில் ஒரே ஒரு காரியத்துக்காக நானும் அம்மாவும் அந்தக் கடலுக்குப் போனோம். செத்துப்போன என் அப்பாவுக்கு ஒரு பிடிச் சோறு போட வேண்டும். அவ்வளவுதான் காரியம். அதை நடக்கவிடாமல் செய்தவன் வெளியாள் இல்லை, எங்கள் வீட்டுச் சோற்றில் வளர்ந்தவன். அப்போதெல்லாம் அவனை வாங்க, போங்க என்றுதான் பேசுவேன். இப்போது 'அவர்' என்று எழுதக் கை வரவில்லை, எழுதவும் மாட்டேன்.

எங்கள் ரப்பர் தோட்டம் புக்கிட் பெலண்டோக்குக்கும் லுக்குட்டுக்கும் இடையில் இருந்தது. வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலம். காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளுக்குத் தோட்டத்து ஜனங்கள் அரிசி கொடுத்துவிடுவார்கள் என்று சொல்லி, அங்கங்கே சிதறிக் கிடந்த லயத்து வீடுகளையெல்லாம் ஒரே இடத்துக்குக் கொண்டுவந்து சுற்றிலும் முள்கம்பி வேலி போட்டிருந்தார்கள். போக வர ஒரே ஒரு கேட்டு. கொஞ்ச நாளில் வீடுகளில் அரிசியே இருக்கக்கூடாது என்று ஆகிவிட்டது. பட்டாளத்துக்காரர்கள் வீடு வீடாக வந்து பானையைக் கவிழ்த்து அள்ளிக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகு கூட்டுக் குசினிதான். அங்கே பெரிய கொப்பரையில் வேகவைத்துத் தட்டு தட்டாக அளந்து கொடுப்பார்கள். வேகவைத்த சோறு என்றால் காட்டுக்குப் போய்ச் சேருவதற்குள் ஊசிப்போய்விடும் என்பது அவர்கள் கணக்கு. பால் மரம் வெட்டப் போகிறவர்கள்கூடக் கடுங்காப்பியை மட்டும் போத்தலில் எடுத்துக்கொண்டு போக வேண்டும். ஒரு பருக்கை கேட்டைத் தாண்டினாலும் குற்றம்.

அந்தக் குசினிச் சோறு கொழகொழவென்று இருக்கும். ஈயத் தட்டில் கவிழ்த்தால் தட்டின் வடிவத்திலேயே நிற்கும். எங்கள் அப்பா சாப்பாட்டுக்கு முகம் சுளிக்கிற ஆள் இல்லை. ஆனால் அந்த வருஷம் பங்குனியில் காய்ச்சலில் விழுந்தவருக்கு அது தொண்டைக்குள் இறங்கவே இல்லை. "நம்ம அடுப்புல வடிச்ச சோறு ஒரு வாய் குடுலா" என்று அம்மாவிடம் நாலு நாள் கேட்டார். அம்மா எங்கே போவாள்? ஐந்தாம் நாள் விடியும்போது அப்பா இல்லை.

ஒரு வாய்ச் சோறு கேட்ட மனுஷனுக்குக் கொடுக்க முடியாமல் போனது அம்மாவை அரித்தெடுத்துவிட்டது. அழுகையைவிட அதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் சொல்வதைக் கேட்டுக் கேட்டு எனக்கும் சோற்றுத் தட்டைப் பார்த்தாலே எரிச்சல் வரும்.

அப்பா போன அன்று மத்தியானம் தோட்டத்தின் மறுகோடியில் பட்டாளமும் கம்யூனிஸ்டுகளும் சுட்டுக்கொண்டார்கள் என்று ஊரடங்கு போட்டுவிட்டார்கள். பாடையோடு கேட்டுக்கு வெளியே போக மூன்று பேருக்குத்தான் அனுமதி. பெண்கள் எப்போதுமே சுடுகாட்டுக்குப் போவதில்லை, அதனால் நாங்கள் வாசலோடு நின்றோம். போன மூன்று பேரில் இரண்டு பேர் பக்கத்துத் தோட்டத்திலிருந்து கூட்டிவந்த வெட்டியான்கள். மூன்றாவது ஆள் என் அத்தை மகன். எங்கள் வீட்டில் ஆண்பிள்ளை கிடையாது, அவன்தான் கொள்ளி வைக்க வேண்டும். சாயங்காலம் தலையை மழித்துக்கொண்டு, ஈர வேட்டியோடு வாசலில் வந்து நின்றான். உள்ளே சாமி விளக்கைப் பார்த்துக் கும்பிட்டான். "முடிஞ்சிருச்சு அத்தை. நானே வெச்சேன். நல்லா எரிஞ்சிச்சு" என்றான். அந்த ஒரு சொல்லில்தான் அம்மா அன்று ராத்திரி கண்ணயர்ந்தாள்.

அவனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அவன் அம்மா, அதாவது என் அப்பாவின் தங்கை, அவனுக்கு ஆறு வயதாக இருக்கும்போதே போய்விட்டாள். அவனை வளர்த்தது என் அம்மா. தாய்மாமன் மடியில் உட்கார்ந்துதானே காது குத்துவார்கள்? அப்படி என் அப்பா மடியில் உட்கார்ந்து, அப்பா தோளில் வாயை வைத்துக் கடித்து அழுதவன் அவன். அந்தப் பல் தடம் அப்பாவின் தோளில் ரொம்ப நாள் இருந்தது. பெரியவனானதும் ஸ்பெஷல் கான்ஸ்டபிள் வேலையில் சேர்ந்தான். காக்கிச் சட்டை, துப்பாக்கி, தோட்டத்துக் கேட்டில் காவல். எனக்கும் அவனுக்கும் பரிசம் போட்டு முடித்திருந்தார்கள். துக்கம் கழிந்ததும் கல்யாணம் என்று பேச்சு.

அவன்தான் எனக்குச் சின்னக் கடலைப் பற்றி முதலில் சொன்னது. பயிற்சிக்குப் போனபோது பார்த்திருக்கிறான். நான் தோட்டத்திலேயே பிறந்தவள். பத்து மைலில் இருக்கிற கடலைப் பார்த்ததே இல்லை. "தீவு கிட்டக்க இருக்கும் புள்ள. நீஞ்சிப் போயிரலாம்னு தோணும். ஆனா தண்ணி இழுக்கும். நடுவுல ஒரு பச்சை ஓடும் பாரு, அத சொல்ல முடியாது, காட்டத்தான் முடியும். கல்யாணம் ஆனதும் மொத வேலையா உன்னய அங்கதான் கூட்டிட்டுப் போவேன்" என்றான். நான் பால் வாளியைத் தூக்கிக்கொண்டு நடக்கும்போதெல்லாம் அந்தப் பச்சை எப்படி இருக்கும் என்று யோசிப்பேன். நான் அவ்வளவு லேசாக ஏமாறுகிற பெண்ணாக இருந்தேன்.

ஆடி அமாவாசை வந்தது. செத்தவர்களுக்குக் கடலோரத்தில் சோற்றுப் பிண்டம் வைத்துக் கடலில் விடுகிற நாள். அன்றைக்கு அவர்கள் வந்து சாப்பிட்டுவிட்டுப் போவார்கள் என்பது எங்கள் நம்பிக்கை. அப்பா போன முதல் ஆடி. அரிசி இல்லாத காலம் என்பதால் கோதுமை மாவை உருட்டி வைத்தாலே போதும் என்று கோயில் பண்டாரம் எல்லாருக்கும் சொல்லிவிட்டிருந்தார். அம்மா கேட்கவில்லை. "மாவா கேட்டாரு அவரு? சோறுதானே கேட்டாரு?" என்றாள்.

அரிசிக்கும் அவளிடம் வழி இருந்தது. பட்டாளத்துக்காரன் வந்து பானையைக் கவிழ்த்த அன்று, சாமி மூலையில் ஒரு பித்தளைத் தட்டில் அரிசியைப் பரப்பி அதன்மேல் விளக்கை வைத்திருந்தாள். எரிகிற விளக்கைத் தூக்க அவனுக்கு மனம் வரவில்லை போலிருக்கிறது, விட்டுவிட்டுப் போனான். அந்தத் தட்டில் ஒரு பிடி தேறியது. சாமிக்கு வைத்ததைத் தொடக்கூடாது என்று, அப்பா கேட்டபோது அதில் கை வைக்காமல் விட்டதும் அவளை அரித்தது. கடற்கரையில் மூன்று கல்லை வைத்து, கையோடு கொண்டுபோகும் செம்பிலேயே வடித்துப் போட்டுவிட வேண்டும் என்பது அவள் எண்ணம். கேட்டைத் தாண்டுவதுதான் பிரச்சினை.

அமாவாசைக்கு இரண்டு நாள் முன்பு அவனைக் கூப்பிட்டு அம்மா விஷயத்தைச் சொன்னாள். நான் அடுப்பங்கரையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அவனுக்கு முகம் மாறியது. போன மாதம் எங்கள் கேட்டு வழியாக அரிசி வெளியே போயிருக்கிறது, காட்டில் ஒரு மூட்டையில் கண்டுபிடித்தார்கள், காவல் நிற்கிற ஆட்களில் எவனோ கண்ணை மூடிக்கொண்டிருக்கிறான் என்று வெள்ளைக்கார அதிகாரி வந்து எல்லாரையும் வரிசையில் நிற்க வைத்துக் கத்திவிட்டுப் போயிருந்தார். "என்னயதான் அத்தை ரொம்ப நேரம் பாத்தான்" என்று அவனே எங்களிடம் சொல்லியிருந்தான்.

"அப்ப வேணாம் தம்பி, ஒனக்கு எதுக்கு வம்பு" என்றாள் அம்மா.

அவன் சாமி விளக்கை ஒரு தரம் பார்த்தான். பிறகு, "மாமாவுக்குத்தானே. செய்யாம இருக்க முடியுமா?" என்றான். "மடியில வெக்காதீங்க, பையில வெக்காதீங்க. கொண்டைக்குள்ள வெச்சுக்கட்டுங்க. தாலி எறக்குனவங்க கொண்டையில கேட்டு ஆயா கை வெக்க மாட்டா. அன்னைக்கி நான்தான் டூட்டி."

எனக்கு அவனைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. அதை எழுத இப்போது வெட்கமாக இருக்கிறது.

அமாவாசை அன்று காலையில் அம்மா அரிசியை ஒரு துணியில் முடிந்து, கொண்டைக்குள் வைத்துச் சுற்றிக்கொண்டாள். ஒரு காலத்தில் பூ வைத்த கொண்டையில் அரிசி. கேட்டில் பெண்களைச் சோதிக்க ஒரு ஆயா இருந்தாள். பையைக் கொட்டிப் பார்த்தாள், மடியைத் தடவினாள், செம்புக்குள் கையை விட்டுப் பார்த்தாள். அம்மா தலையைப் பார்க்கவில்லை. அவன் எங்கள் ஐ.சி. அடையாள அட்டைகளை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான். "பத்தரமா போயிட்டு வாங்க அத்தை. மாமாவ நானும் கேட்டேன்னு சொல்லுங்க" என்றான். என்னைப் பார்த்து, அந்தப் பச்சையைப் பார்த்துவிட்டு வந்து சொல் என்று மெதுவாகச் சொன்னான்.

லுக்குட் வரைக்கும் லோரி. அங்கிருந்து போர்ட்டிக்சனுக்குப் பஸ். பஸ்ஸை விட்டு இறங்கி, மண் பாதையில் கால் மணி நேரம் நடந்தோம். தாழை மரங்களைத் தாண்டினதும் திடீரென்று கடல். என் வாழ்க்கையில் நான் பார்த்த முதல் கடல்.

பொய் சொல்ல மாட்டேன், அவன் சொன்னது ஒன்றும் மிகையில்லை. தீவு அவ்வளவு கிட்டத்தில் இருந்தது. அதில் நின்ற மரங்களின் வேர் தண்ணீரைத் தொடுவதுகூடத் தெரிந்தது. கரையோரம் தண்ணீர் வெளிறி, காலடி மணலைக் காட்டிக்கொண்டிருந்தது. தீவோரம் கறுப்பு. இரண்டுக்கும் நடுவே, ஒரு ஆறு கடலுக்குள்ளேயே ஓடுகிறது என்று சொல்லும்படி, பச்சையாக ஒரு பட்டை நெளிந்துகொண்டு தெற்கே போனது. ஒரு மலாய்க்காரர் சின்னப் படகில் அதைக் குறுக்கே வெட்டப் பார்த்தார். தண்ணீர் அவரைச் சாய்வாக இழுத்துக்கொண்டு போனது. அவர் அவசரப்படவில்லை. துடுப்பைப் போட்டுக்கொண்டே இருந்தார்.

"கல்லு பொறுக்கிட்டு வா" என்றாள் அம்மா.

"இரும்மா, கொஞ்ச நேரம் பாத்துக்கறேன்" என்றேன் நான்.

அம்மா என் முகத்தைப் பார்த்தாள். அமாவாசை விரதம், காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. ஆனாலும், "சரி, பாரு" என்று மணலில் உட்கார்ந்துகொண்டாள். பத்து நிமிஷம் இருக்கும். அந்தப் பத்து நிமிஷம் எனக்கு அப்பா நினைவே இல்லை. கல்யாணம் ஆகி வந்து இதே இடத்தில் அவனோடு நிற்பதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பத்து நிமிஷத்தை நான் கேட்காமல் இருந்திருந்தால் அரிசி அடுப்பிலாவது ஏறியிருக்கும்.

ஜீப் சத்தம் கேட்டது. வெள்ளைக்கார அதிகாரி ஒருவர், இரண்டு போலீஸ்காரர்கள், கூடவே காக்கி உடுப்பில் ஒரு மலாய்க்காரப் பெண் போலீஸ். கரையில் எங்களைத் தவிர இன்னும் மூன்று நான்கு குடும்பங்கள் மாவு உருட்டிக்கொண்டிருந்தார்கள். ஜீப்பில் வந்தவர்கள் அவர்கள் பக்கம் திரும்பவே இல்லை. நேரே எங்களிடம் வந்தார்கள். அந்தப் பெண் போலீஸ் எங்கள் பையைத் தொடவில்லை. மடியைத் தொடவில்லை. செம்பை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அம்மாவைச் சுற்றிப் பின்பக்கம் போய் நின்று, கொண்டையில் விரலை வைத்து, "புக்கா" என்றாள். அவிழ் என்று அர்த்தம்.

கொண்டையில் அரிசி இருப்பது உலகத்தில் மூன்று பேருக்குத் தெரியும். இரண்டு பேர் இந்த மணலில் நிற்கிறோம்.

அம்மாவுக்கு அது உறைக்கவில்லை. முடியை அவிழ்த்தாள். துணி முடிச்சு மணலில் விழுந்தது. அதிகாரி குனிந்து எடுத்துப் பிரித்துப் பார்த்தார். அம்மா கையை நீட்டிக்கொண்டு, "ஐயா, அதக் குடுங்க. செத்த நேரத்துல வடிச்சுக் கடல்ல போட்டுட்டு வந்துர்றேன். அப்புறம் எங்க வேணும்னாலும் கூட்டிட்டுப் போங்க" என்றாள். யாருக்கும் தமிழ் புரியவில்லை. ஜீப்பில் ஏற்றினார்கள்.

காவல் நிலையத்தில் பேச்சை மாற்றிச் சொல்ல ஒரு யாழ்ப்பாணத்துக் கிராணி, ஆபீஸ் எழுத்தர், இருந்தார், நெற்றியில் திருநீறு. அரிசி யாருக்கு என்று கேட்டார்கள்.

"எங்க வீட்டுக்காரருக்கு" என்றாள் அம்மா.

அவர் எங்கே என்றார்கள்.

"தவறிட்டாருங்க. இன்னைக்கி வருவாரு. அமாவாசை இல்லீங்களா? வந்து சாப்ட்டுட்டுப் போவாரு."

கிராணியின் பேனா நின்றுவிட்டது. அவருக்குப் புரிந்தது. அவர் ஏதோ நீளமாக அதிகாரியிடம் விளக்கினார். கையை மேலே காட்டினார், கடல் பக்கம் காட்டினார். அதிகாரி சிரித்தார். செத்துப்போனவன் வந்து சாப்பிடுவானாமா? காகிதத்தில் செத்துப்போன எத்தனையோ பேர் காட்டுக்குள் துப்பாக்கியோடு திரிகிறார்கள் என்றார். தோட்டத்துப் புத்தகத்தில் இறந்தான் என்று எழுதியிருக்கிறது, சரி. எரித்ததைப் பார்த்தவர் யார்?

அம்மாவின் முகத்தில் வெளிச்சம் வந்தது. "எங்க மருமகன் பாத்தான். அவன்தான் கொள்ளி வெச்சது. தோட்டத்துக் கேட்டுல டூட்டில இருக்கான், கூப்ட்டுக் கேளுங்க. அவன் ஒங்க போலீசுதான்" என்றாள், பெருமையாக.

அவளிடம் சொல்லிவிடலாமா என்று எனக்கு வாய் வரை வந்தது. சொல்லவில்லை. அரிசியைக் காட்டிக்கொடுத்தது பயத்தில், இதையாவது சரியாகச் சொல்லிவிடுவான் என்று எனக்கும் ஒரு நப்பாசை. ஒரே ஒரு சொல்தானே, நான்தான் வைத்தேன் என்று.

ஜீப் போய் அவனைக் கூட்டிவந்தது. அவன் எங்களைப் பார்க்கவில்லை. அதிகாரிக்கு சல்யூட் அடித்துவிட்டு விறைப்பாக நின்றான். இவளுடைய புருஷன் எரிந்ததை நீ பார்த்தாயா என்று கேட்டார்கள். அவன் தமிழில் பதில் சொல்லவில்லை. தமிழில் சொன்னால் அம்மாவுக்குப் புரியும் என்று மலாயில் சொன்னான். "தா தெங்கோ, துவான்." பார்க்கவில்லை, துரை. அந்த அளவு மலாய் எங்கள் தோட்டத்து ஆடுமாட்டுக்கே தெரியும்.

பிறகு வேகமாக மிச்சத்தையும் சொன்னான். வேலியோரம் வரைக்கும்தான் பாடையைத் தூக்கிக்கொண்டு போனேன். அங்கே ரோந்துக்காரர்கள் என்னைத் திரும்பிப் போகச் சொல்லிவிட்டார்கள். மற்ற இரண்டு பேர் கொண்டுபோனார்கள். அதற்கு மேல் எனக்குத் தெரியாது.

கிராணி அதைத் தமிழில் சொல்ல வாயைத் திறந்தார். அம்மா கையைக் காட்டி அவரை நிறுத்தினாள். அவனைப் பார்த்து, கத்தாமல், சோறு போட்டுக் கேட்கிற குரலில் கேட்டாள்.

"அப்ப மொட்ட எதுக்குய்யா போட்டுக்கிட்ட?"

கொள்ளி வைத்தவன்தானே மொட்டை போடுவான். அவனுக்கு அதற்குள் முடி வளர்ந்துவிட்டிருந்தது. தொப்பிக்குக் கீழே ஒரு கை போய் அதைத் தொட்டது. பிறகு கை இறங்கிவிட்டது. போகலாம் என்றார்கள், போனான்.

என்னை அன்றே விட்டுவிட்டார்கள். அம்மாவை ஐந்து மாதம் உள்ளே வைத்திருந்தார்கள். வெட்டியான்கள் இரண்டு பேரையும் போலீஸ்காரர்கள் தேடினார்கள். அவர்கள் வேலை தேடி வேறு மாநிலத்துக்குப் போய்விட்டதாகப் பக்கத்துத் தோட்டத்தில் சொன்னார்கள். அவனுக்குச் சட்டைக் கையில் ஒரு பட்டை ஏறியது, நீலாய்ப் பக்கம் ஒரு தோட்டத்துக்கு மாற்றலாகிப் போனான். எனக்கு ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளவில்லை. பரிசத்துக்குப் போட்ட புடவையைக் கிழித்து, பால் கோப்பை துடைக்கத் துணியாக வைத்துக்கொண்டேன். நல்ல புடவை, ஒரு வருஷம் வந்தது. எங்களை வேலை வாங்குகிற மண்டோரின் சம்சாரம் பார்த்துவிட்டு, "ஏன்டி, பட்டுத்துணியிலயா கோப்பை தொடைக்கிற?" என்றாள். ஆமாம், அதற்குத்தான் லாயக்கு என்றேன்.

அம்மா வெளியே வந்தபோது மெலிந்திருந்தாள். முடியை ஒட்ட வெட்டியிருந்தாள். அவனை ஒரு வார்த்தை வையவில்லை. எனக்கு அதுவே ஆத்திரம். நான் மண்ணை வாரித் தூற்றினால், "அரிசிய சொன்னது போவுது, பயந்த புள்ள" என்பாள். "கொள்ளி வெச்சானா இல்லையா, அதான் எனக்குத் தெரியணும்."

நான் அவன் என்னைக் கைவிட்டதையே நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் நினைத்தது வேறு. அவன் எங்களிடம் ஒரு விதமாகவும் போலீசிடம் வேறு விதமாகவும் சொல்லியிருக்கிறான். போலீசிடம் சொன்னது பொய் என்றால், தன் தோல் தப்ப அவளை உள்ளே தள்ளியிருக்கிறான். போலீசிடம் சொன்னது நிஜம் என்றால், எங்கள் வாசலில் ஈர வேட்டியோடு வந்து நின்றது நாடகம். அப்பா உறவுக்காரன் கை நெருப்பு இல்லாமல், யாரோ இரண்டு பேர் கையில், எரிந்தாரோ அரைகுறையாகக் கிடந்தாரோ. சொந்தக்காரன் கொள்ளி வைக்காதவர் அமாவாசைக்கு வர முடியாது, வழியிலேயே நின்றுவிடுவார் என்பது அம்மாவின் நம்பிக்கை.

அவசரகாலம் முடிந்து, வேலியைப் பிடுங்கி, அரிசி மறுபடி வீட்டுக்கு வந்த பிறகு, ஒவ்வொரு ஆடி அமாவாசைக்கும் அம்மா சின்னக் கடலுக்குப் போனாள். நானும் போவேன். மூன்று கல் வைத்து நல்ல அரிசியாகப் போட்டு வடிப்பாள். பிண்டத்தைத் தண்ணீரில் விட்டுவிட்டு, தீவைப் பார்த்துக்கொண்டே நிற்பாள். ஒரு வருஷம் சொன்னாள்: "அவரு அந்தப் பக்கமே நிக்கிறாரோ என்னமோ. இந்தத் தண்ணி இழுக்குதில்ல, எப்படி வருவாரு?" பிண்டம் அந்தப் பச்சைப் பட்டைக்குள் போனதும் தெற்கே இழுத்துக்கொண்டு போய்விடும். தீவைத் தொட்டு நான் பார்த்ததில்லை.

எனக்கு வேறு இடத்தில் கல்யாணம் ஆனது. நல்ல மனுஷன். அவரைப் பற்றி இங்கே எழுத ஒன்றும் இல்லை, நிம்மதியாக வைத்திருந்தார் என்பதைத் தவிர.

இருபத்தைந்து வருஷம் கழித்து லுக்குட்டில் சாமான் வாங்கப் போனவள் அவனைப் பார்த்தேன். ஒரு மோட்டார் பட்டறை வாசலில், டயருக்குக் காற்றடிக்கிற பையனுக்காக நாற்காலியில் உட்கார்ந்து காத்திருந்தான். வழுக்கை விழுந்திருந்தது. என்னைக் கண்டதும் எழுந்து நின்றான். "நல்லாருக்கியா புள்ள?" என்றான். அந்தப் 'புள்ள' என்ற சொல்லைக் கேட்டதும் செருப்பைக் கழற்றலாமா என்று இருந்தது. கழற்றவில்லை. நாங்கள் எத்தனையோ வருஷமாகக் கேட்க நினைத்திருந்ததை மட்டும் கேட்டேன்.

"எங்கப்பாவுக்குக் கொள்ளி வெச்சியா, இல்லையா?"

"வெச்சேன்" என்றான், உடனே. "சத்தியமா வெச்சேன். நான்தான் வெச்சேன்."

"அப்ப அன்னைக்கி ஏன் அப்படிச் சொன்ன?"

"பயந்துட்டேன். என்னயத்தான் சந்தேகப்பட்டான். யாரையாவது காட்டலேன்னா என்னைய உள்ள போட்டுருவான். ஒரு பிடி அரிசிதானே, பொம்பள வேற, அதட்டிட்டு விட்டுடுவாங்கன்னு நெனச்சேன். அங்க போயி கொள்ளிய பத்திக் கேப்பான்னு நான் என்னத்த கண்டேன்? காட்டுக்குப் போற அரிசின்னு சொல்லியிருந்தேன். கொள்ளி வெச்சேன்னு சொன்னா, அப்ப இது சாங்கியத்துக்கு வெச்ச அரிசின்னு ஒனக்கு மொதல்லயே தெரியுமான்னு என்னய கேப்பான்..."

அவன் சொல்லிக்கொண்டே போனான். நான் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெச்சேன் என்று அவன் சொன்ன வேகம் எனக்குத் தெரிந்த வேகம். தா தெங்கோ என்றதும் அதே வேகத்தில்தான். எந்த ஆள் முன்னால் நிற்கிறானோ அந்த ஆளுக்கு வேண்டியதை எடுத்துக் கொடுக்கிற வாய் அது.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். "வெச்சானாம்."

முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். "யாரு சொன்னா?"

"அவன்தான்."

"அவந்தானா" என்று சிரித்தாள் அம்மா. மறுபடி கீரையை ஆயத் தொடங்கிவிட்டாள்.

அடுத்த ஆடிக்கு அவளால் நடக்க முடியவில்லை. அதற்கு அடுத்த தையில் போய்விட்டாள். பேரன் இருக்கிறானே, அவன் வைக்கட்டும் என்றார்கள் உறவுக்காரர்கள். பெண்பிள்ளை சுடுகாட்டுக்கு வரக்கூடாது என்றார்கள். ஒரு முறை வராமல் இருந்ததுதான் நாங்கள் செய்த தப்பு என்று சொன்னேன். பாடைக்குப் பின்னாலேயே நடந்தேன். பேரன் கையிலிருந்து கொள்ளியை வாங்கி நானே வைத்தேன். தலை எரிகிற வரைக்கும், கால் எரிகிற வரைக்கும், எல்லாரும் குளித்துவிட்டுப் போன பிறகும் நின்று பார்த்தேன். இதை இனி யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

மறுநாள் சாம்பலை எடுத்துக்கொண்டு சின்னக் கடலுக்குப் போனேன். படகுக்காரர் ஒருவரைப் பிடித்தேன். கரையிலிருந்து கொஞ்ச தூரம் போனதும், எல்லாரும் இங்கேதான் கரைப்பார்கள் என்று துடுப்பை நிறுத்தினார். போகச் சொன்னேன். அந்தப் பச்சைத் தண்ணீர் படகைச் சாய்வாக இழுத்தது. அவர் முணுமுணுத்துக்கொண்டே தள்ளினார். என் வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தப் பக்கம் போனேன். மரங்களின் வேர் கைக்கு எட்டியது. பானையைத் திறந்து, வேர்களுக்கு நடுவே அம்மாவை விட்டேன். வீட்டில் வடித்துக் கொண்டுபோயிருந்த சோற்றையும் பக்கத்திலேயே ஒரு பாறையில் வைத்தேன்.

ஏன் இவ்வளவு தூரம், எல்லாரும் அந்தக் கரையோரம்தானே விடுவார்கள் என்று படகுக்காரர் மலாயில் கேட்டார். எங்கள் அப்பா ஒருவேளை இந்தப் பக்கம் நிற்கலாம், சரியாகத் தெரியவில்லை என்றேன்.